பேசாத செல்

புழுவின் கருவில் ஒரு செல் மட்டும் தன் மரபணுக்களை அணைத்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மற்றவை குடலும் தசையுமாகும். அடுத்த தலைமுறை அந்தச் செல்லிலிருந்தே வரும். ஆய்வாளர் சுகிர்தா வளர்த்த புழுக்களுக்குச் சூடு பட்டால் அந்த அடக்கம் குலைந்து வம்சம் அற்றுவிடும். விடுமுறையன்று மின்சாரம் போனது. மறுநாள் குளிர்பெட்டியில் புழுக்கள் இருந்த கண்ணாடித் தட்டுகளே இல்லை. ஆய்வகத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தட்டு கழுவும் அந்தோணியம்மாள் மட்டும் வாய் திறக்கவில்லை.

"நீங்கதானே? கழுவிக் கொட்டிட்டீங்களா? மூணு வருஷ உழைப்பும்மா!"

அந்தோணியம்மாள் தண்ணீர்ப் பானைக்கடியில் ஈர மணலைத் தோண்டித் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். உள்ளே தட்டுகள்.

"தொடக் கூடாதுன்னு சொன்னீங்க மேடம். நேத்து கரண்ட் போயி பொட்டி சூடாயிடுச்சு, மனசு கேக்கல."

சுகிர்தா ஒரு தட்டை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள்.

"அதுங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கா மேடம்?"

தட்டில் பொடிப்பொடியாய்க் குட்டிப் புழுக்கள் நெளிந்தன. சுகிர்தா நிமிரவில்லை. அவள் கை மட்டும் பின்னால் நீண்டு, மணல் ஒட்டிய கையைத் தேடிப் பிடித்தது.