அழித்த முதல் ஓட்டம்

பனி மூடிய மைதானம் ஒன்றில் ஒரு ஜீப் டயருக்குச் சோதனை நடந்தது. அது எவ்வளவு புதைகிறது, எவ்வளவு வழுக்குகிறது என்று வண்டிக்குள் இருந்த கணினி ஓட்டத்துக்கு ஓட்டம் அளந்து வரைபடத்தில் கோடு போட்டது.

முதல் ஓட்டத்தில் டயர் ஒரு சாண் புதைந்து திணறிப்போனது. அதற்கு வெட்கமாக இருந்தது.

"இடம் பழகாத குறை தம்பி. இதைச் சேர்க்காதே," என்றது. கணினி அழித்துவிட்டது.

அடுத்த ஒன்பது ஓட்டமும் அதே தடத்தில்தான். பத்தாவதில் டயர் ஒரு விரல்கூடப் புதையவில்லை.

"இந்தப் பனி இவ்வளவுதான்! நாளைக்கு நீ போடும் கோட்டை நம்பி மருந்து வண்டிகள் மலையேறப் போகின்றன. தைரியமாக எழுது."

"எழுதியாச்சு அண்ணே."

பனி மட்டும் வாயே திறக்கவில்லை. டயருக்கு அது உறுத்தியது.

"என்னம்மா, பத்துத் தடவை வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டாயா?"

"என்னிடம் ஒரு தடவைதானே வந்தீர்கள்?" என்றது பனி, கோபமே இல்லாமல். "மற்ற ஒன்பது தடவையும் நீங்கள் அமுக்கி வைத்த இடத்துக்குத்தான் போனீர்கள்."

டயர் சிரித்தது. ஊர் திரும்ப ஜீப் வளைந்தபோது, சிரித்தபடியே தடத்தைவிட்டு ஓரடி தள்ளி இறங்கியது. சரியாக ஒரு சாண் புதைந்து, நின்ற இடத்திலேயே சுழன்றது.

உள்ளேயிருந்து கணினி மரியாதையாகக் கேட்டது:

"அண்ணே, இதையும் அழித்துவிடட்டுமா?"