வராத சுமித்திரா

"அக்கா, இண்டைக்கும் அந்தச் சுமித்திரா வரேல்ல."

ஜெயரூபி போனில் பெயர்ப்பட்டியலைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். கிளிநொச்சி நகரத்தை நடந்தே சுற்றிக்காட்டும் தொழிலை அவளும் புனிதமலரும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்னால் நடந்து கதை சொல்வது புனிதமலர். பதிவு, பேஸ்புக் எல்லாம் ஜெயரூபி.

"வராட்டி விடன். காசையும் கட்டிப்போட்டு வீட்டிலை படுக்கிறதுக்கு எங்கடை ஊரிலை ஒரு மனிசி!"

"பகிடி விடாதேங்கோ அக்கா. மூண்டு பேர் சேராட்டி நடை இல்லை எண்டது எங்கடை சட்டம். ஒராள் குறையுதெண்டு நான் பேஸ்புக்கிலை போட்டால், உடனை பதியிறா. இதோடை பதினேழு தரம். ஒருநாளும் முகத்தைக் காட்டினதில்லை."

கனடாவிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும் சந்தையில் முருங்கைக்காயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புனிதமலர் அவர்களை அவசரப்படுத்தி பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

"இதிலை என்ன விசேஷம்?" என்றார் கனடாக்காரர்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கும். குடிச்சிட்டு வாங்கோ."

அந்தக் கடைத் தேநீரை வாயில் வைக்க முடியாது. ஜெயரூபி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காலை ஏழு ஐம்பதுக்கு இந்த இடத்தில் ஏன் நிற்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரத்து வவுனியா பஸ் இங்கே பத்து நிமிடம் நிற்கும். பரந்தனில் ஏறி மாங்குளத்துக்கு வேலைக்குப் போகும் நிரோசினி அதில் இருப்பாள். புனிதமலரின் ஒரே மகள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் சைவப் பெடியனைக் கோயிலில் வைத்துக் கட்டியதற்காக, "இனி எனக்குப் பிள்ளையில்லை" என்று தாய் வாய்விட்டுச் சொல்லி இரண்டரை வருடம். மகள் போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது புனிதமலருக்கு. பஸ்ஸில் ஏறிக் கதைக்கலாம்தான். பிள்ளை முகத்தைத் திருப்பினால் தாங்கமாட்டாளே! நடை இல்லாத நாளில், ஒரு சாட்டும் இல்லாமல் வந்து நிற்க அவளுடைய ரோசமும் விடவில்லை.

பஸ் வந்து நின்றது. வழமைபோல நிரோசினி இந்தப் பக்கச் சன்னலோரம். வழமைபோல குனிந்த தலை, கையில் போன்.

"மெலிஞ்சு போனாள் என்ன?" என்றாள் புனிதமலர்.

"முந்தி இருந்தமாதிரித்தான் இருக்கிறாள் அக்கா."

"சாப்பிடுறாளோ தெரியேல்ல." சிறிது நேரம் பார்த்தபடியே நின்றாள். "ஜெயா, நீ கேட்டமாதிரி வெயிலுக்கு முன்னம் அஞ்சரைக்கே நடையைத் துவங்குவம். இந்த பஸ் நிலையத்தையும் விட்டிடுவம்."

"உண்மையாவோ?"

"ஓம். ரெண்டரை வரியமா நிக்கிறன். ஒருக்கா, ஒரேயொருக்கா என்னை நிமிந்து பாத்தாளெண்டால் காணும். பாக்கிறாளில்லை. நான் நிக்கிறது அவளுக்குத் தெரியுமோ எண்டுகூட எனக்குத் தெரியேல்ல." "இனி ஏலாது ஜெயா."

ஜெயரூபி ஏதாவது வேலை பார்ப்போமென்று போனைத் தட்டினாள்.

"அப்ப நேரம் மாறினதைச் சொல்லவேணும். நாளைக்கும் சுமித்திரா பதிஞ்சிருக்கிறா. எப்பவும் மெசேஜ்தான், குரலே கேட்டதில்லை. இண்டைக்கு எடுத்து, ஏனம்மா வாறியள் இல்லை எண்டு நேரை கேக்கப்போறன்."

எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

சன்னலோரத்தில் நிரோசினியின் கையிலிருந்த போன் சிணுங்கியது. அவள் அதில் வந்த பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டு நிமிர்ந்து, நேரே அம்மாவைப் பார்த்தாள்.