ஜான்சி வீட்டு நட்சத்திரம்

"ஏத்தா ஜான்சி, மூணு ராசாக்களும் வந்து கும்பிட்டு ஊருக்கே திரும்பிட்டாக. இன்னும் யாருக்கு வழி காட்டுது உன் வீட்டு வாசல் நட்சத்திரம்?"

செசிலி கேட்டதும் கடை வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பால் வாங்க வந்திருந்த ஜான்சியும் சேர்ந்தே சிரித்தாள்.

"இருக்கட்டும்க்கா. பொங்கல் கழிச்சு எறக்கிடுறேன்."

"அப்படியே தவக்காலத்துக்கும் எரிய விடு. கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

"நான்தான்க்கா."

செசிலி பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

தெருவின் ஜெபக்குழுவுக்கு அவள்தான் தலைவி. எதையும் காலத்தோடு செய்கிறவள். இந்தக் கிறிஸ்துமசுக்கு அவள் வைத்த குடிலுக்குத்தான் பங்குக் கோயிலில் முதல் பரிசு. நிஜ வைக்கோல், ஆற்று மணல், மரியாளையும் சூசையையும் பார்த்துக் கதவைச் சாத்துகிற சத்திரத்துக்காரன். பார்த்தவர்கள் எல்லாம் அந்தக் கதவைத்தான் பாராட்டினார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாளே எல்லாம் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறிவிட்டது.

"விடிஞ்சா ஏலக்காத் தோட்டத்து வேலைக்கு ஜீப்பு ஏறுறவ. விடிய விடிய அவளுக்கு என்ன அலங்காரம்?" என்றாள் கணவனிடம். "நாளைக்கு ஃபாதர் வீடு வீடா ஜெபம் பண்ணி மந்திரிக்க வர்றாக. என்னையத்தான் கேப்பாக."

"கேட்டா, அவ பக்தி அதிகம்னு சொல்லு."

"பகட்டு அதிகம்னு சொல்றேன்."

மறுநாள் விடியுமுன் பங்குக் கோயில் பூசைக்குக் கிளம்பினாள். வாசல் குழாயின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பச்சைக் கேட்டையும் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நல்ல பனி. மேகமலைப் பக்கம் இன்னும் வெளுக்கவில்லை. குமுளி ரோட்டில் வெளிச்சம் என்று இருந்தது ஜான்சி வீட்டு நட்சத்திரம் ஒன்றுதான்.

சுவிட்சு வெளியே, கதவோரம். தூங்குகிறவளை எழுப்புவானேன்? செசிலியே அணைத்துவிட்டாள்.

திரும்பினால் ரோட்டில் செருப்பில்லாத காலடிச் சத்தம். கறுப்பு வேட்டி, தலையில் இருமுடி. சபரிமலைக்கு நடந்து போகிற கூட்டம். நடுவே ஒரு சின்னப் பெண்பிள்ளை, நொண்டி நொண்டி வந்தது.

பிள்ளையின் கையைப் பிடித்திருந்த நரைத்த அம்மாள் செசிலியிடம் வந்தாள்.

"சாமி, இங்கன நட்சத்திரம் எரியுற வீடு எது? தூரத்துல தெரிஞ்சுச்சு. கிட்ட வந்தாக் காணோம்."

"எதுக்கும்மா?"

"முன்னால போன கூட்டத்துல சொன்னாக. அங்கன பொம்பளைக ஒதுங்க இடம் குடுப்பாகளாம். காலுக்கு வெந்நியும் ஊத்துவாகளாம். நட்சத்திரம் எரிஞ்சா யாரையும் கேக்க வேணாம், நேரா உள்ள போயிறலாமாம்." அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "பிள்ள ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு வருது. அங்கிட்டு ஒரு பச்சைக் கேட்டு வீடு இருக்கு. அதுல குழாய்க்குக்கூடப் பூட்டுப் போட்டு வச்சிருக்காக."

கொல்லையில் விறகடுப்பின் புகை எழுந்தது. வாளியை நகர்த்தும் சத்தம். தூங்கவில்லை, ஜான்சி.

செசிலியின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. நட்சத்திரம் எரிந்தது.

"இந்த வீடுதாம்மா. பிள்ளையக் கூட்டிட்டு உள்ள போங்க."

கோயிலில் பூசைக்கு இரண்டாம் மணி அடித்தது. ரோட்டில் இன்னும் ஏழெட்டுப் பேர் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள்.

செசிலி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"மத்தவக எங்கூட வாங்க சாமி. அந்தப் பச்சைக் கேட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு."