எட்டுக் கால் கரையான்

"பாத்தீங்களா, மணி ஒண்ணு ஆனதும் கதவைச் சாத்தியாச்சு!" என்றார் ரெக்கார்டு.

கோப்பு அறையை முப்பத்திரண்டு வருடமாகக் கட்டிக் காப்பதால் அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

"நம்மகூட உக்காந்து சாப்பிட்டா கிரீடம் எறங்கிடுமாக்கும்" என்று ஒத்து ஊதினார் பக்கத்து நாற்காலி தபால்காரர். தபால் பிரிவில் இருப்பவர்.

கதவுக்குப் பின்னால் இருந்தவர் புது மேனேஜர். ரெக்கார்டின் மகள் வயசு. வந்த வாரமே, "புது கம்ப்யூட்டர் புரோகிராமை நானே உங்களுக்குச் சொல்லித் தர்றேன் சார்" என்று ஆசையாகச் சொல்லி, "நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்க மேடம்!" என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

இப்போது ரெக்கார்டுக்கு வேறு தலைவலி. கோப்புகளின் மேல் வெள்ளையாக ஏதோ ஊர்வதைப் பார்த்துவிட்டு, 'கரையான்' என்று தலைமை அலுவலகத்துக்கு அவரே கடிதம் போட்டிருந்தார். மருந்தடிக்க ஆள் அனுப்புவார்கள் என்று நினைத்தார். 'எல்லாக் கோப்புகளையும் எரித்துவிட்டு அறையை மூடவும்' என்று பதில் வந்தது.

பதறிப்போய் மேனேஜரிடம் ஓடினார்.

"எனக்கென்னவோ கரையான் மாதிரி தெரியலை சார். ஆனா கடிதம் நீங்க எழுதினது. மாத்தறதா இருந்தா, என்ன பூச்சின்னு ஆதாரத்தோட நீங்கதான் எழுதணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்."

ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். படம் பார்த்துப் பூச்சிகளை அடையாளம் காணும் இணையதளத்தின் முகவரி.

"சீட்டைக் கொடுத்துத் தொரத்திட்டாங்கய்யா" என்று தபால்காரரிடம் பொருமினார் ரெக்கார்டு. "கூட உக்காந்து பார்ப்போம்னு ஒரு வார்த்தை வரலையே!"

திங்கட்கிழமை தளத்தைத் திறந்தார். முகப்பு முழுக்கப் பூச்சிகளின் நிழலுருவங்கள். தொட்டது ஒன்று, திறந்தது ஒன்று. பட்டாம்பூச்சிகளுக்கு நடுவே அரை மணி நேரம் அலைந்தார். முதன்முதலில் அவர் ஏற்றிய படம் அவருடைய கட்டைவிரல்.

செவ்வாய்க்கிழமை, 'எத்தனை கால்?' என்று தளம் கேட்டது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எண்ணினார். எட்டு. அழுத்தினார். திரை நிறையச் சிலந்தி! போனை உதறிவிட்டார்.

கடைசியில் பூச்சியைப் படம் எடுத்துப் போட்டு, 'எட்டுக் கால் கரையான் உண்டா? அவசரம்' என்று கேட்டார்.

மதியம் ஒன்று பத்துக்குப் பதில் வந்தது. எழுதியவர் பெயர் 'பூதக்கண்ணாடி'.

'பூச்சின்னா ஆறு கால்தான். முன்னால நீட்டிக்கிட்டிருக்கற ரெண்டும் உணர்கொம்பு. பரவாயில்லை, நானும் முதல்ல இப்படித்தான் எண்ணினேன். பக்கத்துல ஸ்கேல் வச்சு இன்னொரு படம் எடுங்க.'

"எவ்வளவு தன்மையா சொல்றார் பாருய்யா! பழுத்த பெரியவரா இருக்கணும்."

"நம்ம மேடத்தை இவர்கிட்ட ஒரு வாரம் டியூஷனுக்கு அனுப்பணும்" என்றார் தபால்காரர்.

மறுநாள் மதியம், 'ஐயா, வணக்கம்' என்று ஆரம்பித்து ஸ்கேல் படத்தைப் போட்டார் ரெக்கார்டு.

'ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கு. கரையான் இதைவிடப் பெரிசு. நீங்க காலுன்னு ஏமாந்தீங்களே, அந்தக் கொம்பு, அதுவும் கரையானுக்கு இவ்வளவு நீளம் கிடையாது. புத்தகப்பேன்னு ஒரு பக்கம் இருக்கு. ஒப்பிட்டுப் பாருங்க. நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.'

ஒப்பிட்டார். அச்சு அசல்! காகிதத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தைத் தின்று வாழும். ஈரம் காய்ந்தால் அதுவும் போய்விடும் என்று போட்டிருந்தது.

'ஐயா, ஈரம் எங்கே இருக்குன்னு தெரியலையே?'

'மூணாவது அலமாரிக்குப் பின்னாடி சுவரைத் தொட்டுப் பாருங்க.'

தொட்டார். சொதசொதவென்று இருந்தது. சுவருக்குள் குழாய் கசிந்திருக்கிறது. ஞானிதான் இந்தப் பெரியவர்!

வெள்ளிக்கிழமை, படங்களோடு நான்கு பக்க அறிக்கையை மேனேஜர் மேஜையில் வைத்தார். மேனேஜர் ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

"எரிக்க வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன். குழாயைச் சரிபண்ண நாளைக்கே ஆள் வரும். பிரமாதமா எழுதியிருக்கீங்க சார். யாராவது உதவினாங்களா?"

"ஒரு பெரியவர் மேடம். எழுபது வயசிருக்கும். என்ன அறிவு, என்ன பணிவு! சொல்லிக் கொடுக்கறவங்கன்னா அப்படி இருக்கணும்" என்றார் ரெக்கார்டு, கொஞ்சம் குத்தலாகவே.

மேனேஜர் சட்டென்று குனிந்து மேஜைக்கடியில் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "அவருக்கு மறக்காம நன்றி சொல்லிடுங்க."

மணி ஒன்று. கதவு சாத்திக்கொண்டது.

நன்றி எழுத உட்கார்ந்த ரெக்கார்டு, பழைய பதில்களை ஆசையாக இன்னொரு தடவை படித்தார். 'மூணாவது அலமாரிக்குப் பின்னாடி' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அலமாரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லையே! படங்களிலும் வெள்ளைக் காகிதம், ஸ்கேல், பூச்சி, அவ்வளவுதான். கோப்பு அறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவருடைய சட்டைப் பையில். இன்னொன்று...

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே? டப்பாவைத் தொற" என்றார் தபால்காரர்.

ரெக்கார்டு எழுந்தார். சாத்திய கதவின் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டினார்.

"மேடம், அந்தப் புது புரோகிராம்... எனக்குக் கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"தள்ளிக்கிட்டு உள்ளே வாங்க சார். நான் என்னிக்குமே தாழ் போட்டதில்லை."