முதல் மிடறு

ஆட்குறைப்பில் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, மேலாளர் தணிகாசலத்தை நட்சத்திர ஹோட்டலுக்கு விருந்துக்கு அழைத்திருந்தான் எழிலரசு. ஒயின் அட்டையில் வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிட்டு விலைகளை மட்டும் படித்து, தன்னால் தாங்கக்கூடிய ஒரே புட்டியைக் கண்டுபிடித்தான். சிப்பந்தி அதைத் திறந்து, ருசி பார்த்துச் சம்மதம் சொல்லும்படி அவன் கோப்பையில் ஒரு வாய் ஊற்றினார். விருந்தாளிக்கு முன்னால் தான் குடிப்பதா?

"சார், நீங்க மொதல்ல."

நீதிபதியாக்கிவிட்ட பிறகு தணிகாசலம் சும்மா இருப்பாரா? கோப்பையைச் சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடிக் குடித்தார்.

"இதுல உயிரே இல்லப்பா. வேற பாரு."

"நல்லாத்தான் சார் இருக்கும்," என்றான், ஒரு சொட்டும் குடிக்காத எழிலரசு.

"ஒனக்கு என்னப்பா தெரியும்?"

அட்டையைத் தானே வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அவர் விரல் விலை ஏறும் திசையிலேயே நகர்ந்தது. எழிலரசு மேசைக்கு அடியில் கைகூப்பிக்கொண்டான்.