பெற்றோர் கருத்து

பேருந்து நெரிசலில் நின்றபடியே, பள்ளிச் செயலியில் மகளின் அன்றைய வீடியோவைத் திறந்தாள் சுகந்தி. எல்கேஜி படிக்கும் இதழினி ஒரு துணிப்பொம்மையை மேசைக்கு அடியில் தள்ளி, அதன் வாயைப் பொத்தினாள். "அம்மா, அழாம இங்கயே இரு. அப்பா வந்துட்டாங்க." சுகந்தி சட்டென்று ஒலியைக் குறைத்தாள். கீழே டீச்சர் எழுதியிருந்தார்: "பாவனை விளையாட்டில் அபாரம். வீட்டிலும் இப்படி விளையாடுவாளா? பெற்றோர் கருத்து தேவை." சுகந்தி எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அனுப்பப் போன நேரத்தில் கணவனின் பதில் வந்து விழுந்தது. "நல்லா நடிக்கிறா. அவங்க அம்மா மாதிரியே." டீச்சர் அதற்கு ஒரு சிரிப்பு முகம் போட்டார். "பெற்றோர் கருத்து பெறப்பட்டது, நன்றி" என்று காட்டிவிட்டு, அவள் இன்னும் அனுப்பாத வரியோடு கருத்துப் பெட்டி மூடிக்கொண்டது.