எட்டாவது சனிக்கிழமை

ஏழு சனிக்கிழமை மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவள், எட்டாவது சனிக்கிழமையும் திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது செல்லியம்மா.

சத்தியவேட்டில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது, அந்த வீட்டு அடுப்பைவிட முதலில் செல்லியம்மாவுக்குத் தெரியும். வழக்கமான ஆறு மணி பஸ் நேரத்தில் தெருவே குழாயடியில் நிற்கும் என்றுதான் இன்று எட்டு மணி பஸ்ஸைப் பிடித்திருந்தாள் யமுனா. தப்பித்து வந்து சிங்கத்தின் மடியில் விழுந்த கதையாகிவிட்டது.

விஷயம் இதுதான். திருப்பதியில் எம்.எஸ்சி. படிக்கிறவள், பரீட்சை ஹாலில் மூச்சு அடைத்து, ஒரு வரி எழுதாமல் வெளியே வந்துவிட்டாள். பல்கலைக்கழகத்து மனநல மையத்தில், சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு வாரம் வந்து பேசினால் மறுபரீட்சையைத் தெம்பாக எழுதலாம் என்றார்கள். இதை அப்பா கங்கையாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஏதாவது கம்பெனி வேலைக்கு வேன் ஏற்றிவிடுவார். ஆகவே, வேண்டுதல்.

ஏழு வாரமும் மலைப் பக்கமே திரும்பாமல் மையத்துக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில் லட்டு வாங்கிவந்து தெருவுக்குப் பங்கு போட்டாள். தெருவும் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றது. ஏழுக்குப் பிறகு என்ன சொல்வது என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை. இன்றைக்கு அப்பாவிடம் ஹால் டிக்கெட் வாங்கப் போவதாகச் சொல்லியாயிற்று. செல்லியம்மாவிடம் அது செல்லாது; அவள் துருவினால் பரீட்சை விஷயமே வெளியே வந்துவிடும்.

"ஏழு வாரம் முடிஞ்சி போச்சே யமுனா? ஏழு லட்டு நானே துன்னேனே."

வாயில் வந்ததைச் சொன்னாள் யமுனா. "முடி குடுக்கணும் அத்தே."

"மொட்டையா, மூணு கத்திரியா?"

"மூணு கத்திரிதான்."

செல்லியம்மா அவள் பின்னலை எடுத்து மடியில் போட்டு, நுனிவரை விரலால் அளந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இனி நுனி முடியில் மூன்று வெட்டு வெட்டிக்கொள்ளக் கத்திரிக்கோலுக்கும் ஒரு வழி பண்ண வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். மனசு சரியில்லை என்றால் யார் வேண்டுமானாலும் இலவசமாக வரலாம், படிக்கிறவர்கள்தான் வர வேண்டும் என்றில்லை என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். "அங்கெல்லாம் மெண்டலுங்கதான் போவும்" என்று அன்று செல்லியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் யமுனாவின் காதில் இருந்தது.

பேச்சை மாற்ற, அத்தை இன்றைக்கு ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டாள். சனிக்கிழமையானால் செல்லியம்மா சூளூர்பேட்டையில் மகள் வீட்டில் இருக்க வேண்டியவள். பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஊர். அங்கே போய் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மீனோ எறாவோ இல்லாமல் திரும்ப மாட்டார்கள். செல்லியம்மா மட்டும் வாராவாரம் வெறும் பையோடு வந்து இறங்குவாள். மகா கஞ்சம் என்பது தெருவின் தீர்ப்பு.

பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுக்க என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டு, செல்லியம்மா மறுபடி யமுனாவைப் பிடித்துக்கொண்டாள். மலைக்கு எந்த பஸ், தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம், எப்போது கீழே இறங்குவாள் என்று திருப்பதி வரும்வரை குடைந்தாள். ஜன்னலோரம் யமுனா, வழியை அடைத்துக்கொண்டு அவள்.

இறங்கியதும் கூட்டத்தில் நழுவப் பார்த்தாள் யமுனா. செல்லியம்மா கையைப் பிடித்து இழுத்துப் போய் மலை பஸ்ஸில் ஏற்றி, கீழேயே நின்றாள். போலீசுகூட அப்படிக் காவல் நிற்காது.

"எனக்கும் சேத்து வேண்டிக்கோ. அவசரப்பட்டு எறங்கி வந்துடாத. பொறுமையா சாயந்தரமா வா."

பஸ் நகர்ந்து மறையும்வரை அவள் அசையவே இல்லை.

மலையடிவாரத்து அலிபிரியில் சோதனைக்காக எல்லோரும் இறங்கினார்கள். யமுனா மட்டும் திரும்ப ஏறவில்லை. தாமதமாக வருவேன் என்று போனில் சொல்லி, பதினொன்றரைக்கு நேரம் வாங்கியிருந்தாள். ஆட்டோக்காரரைத் துரத்திப் பதினொன்றுக்கே வந்து சேர்ந்தாள்.

மையத்து வராந்தாவில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓரத்து நாற்காலியில் செல்லியம்மா.

யமுனாவுக்குப் பரீட்சை ஹாலில் அடைத்த அதே மூச்சு அடைத்தது. மோப்பம் பிடித்து முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டாளே. சாயந்தரம் குழாயடி, ராத்திரிக்குள் அப்பா, திங்கட்கிழமை கம்பெனி வேன். நேராக அவளிடமே போனாள்.

"அத்தே, நைனாகிட்ட மட்டும் சொல்லிடாத. இன்னும் நாலே வாரம். பரீட்சை எழுதிடுவேன்."

செல்லியம்மா அவளைப் பார்க்காமல் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

உள்கதவு திறந்தது. வெளியே வந்த மையத்துப் பெண், பதினொன்றரைக்காரர் கொஞ்சம் உட்காரட்டும், பதினோரு மணிக்காரர் உள்ளே வரலாம் என்றாள்.

செல்லியம்மா எழுந்தாள். கதவுவரை போனவள், திரும்பி வந்து யமுனாவின் காதோரம் குனிந்தாள்.

"நான் லட்டைப் பத்திப் பேசல. நீ மீனைப் பத்திப் பேசாத."